விதைப் பைக்கற்றைக் கடைசியா வாங்குங்கோ: யாழ்ப்பாண வளவில மரக்கறி போடுற ஒழுங்கு

மாரிக்க மழை ஒரு கிழமை விடாமல் அடிச்சால் திருநெல்வேலிச் சந்தையிலயும் மருதனார்மடத்திலயும் பச்சமிளகாய் விலை என்ன செய்யும் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2022 செப்டெம்பரில கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் கணக்கில சாப்பாட்டுச் சாமான் பணவீக்கம் 94.9 வீதத்துக்குப் போனது, அந்த நேரம் எங்கட ஒழுங்கையில மண்வெட்டி தூக்காத வீடே இல்லை. இப்ப பாத்தால் ரெண்டு மூண்டு வீட்டிலதான் ஏதும் காய்க்குது.

விட்ட ஆக்களிட்டக் கேட்டால் "எங்கட கைக்கு ராசியில்லை" எண்டினம். ராசி இல்லையெல்லாம் இல்லை, ஒழுங்கு பிழைச்சது. முதல் நாளே போய் பத்து விதைப் பைக்கற் வாங்கி, கிண்டின இடத்தில கொட்டி, ரெண்டாம் கிழமை கட்டாக்காலி மாடு வந்து மேஞ்சிட்டுப் போய், அதோட வெறுத்துப்போச்சு. அதால கீழ நான் சொல்லுற வரிசையை மாத்தாதேங்கோ. விதை வாங்கிறது ஏழாவதாத்தான் வரும்.

1. ரெண்டு கிழமை கொப்பி எழுதுங்கோ

குசினியில ஒரு கொப்பியைக் கட்டித் தொங்கவிட்டு, சந்தையில இருந்து வாற மரக்கறி ஒவ்வொண்டையும் எவ்வளவு, என்ன விலை எண்டு எழுதுங்கோ. எறிஞ்சதையும் எழுதுங்கோ, கறிவேப்பிலை அரைவாசி காஞ்சு எறியிறது கணக்கில வரோணும்.

ஏனெண்டால், வளவுக்க அரிசி, பருப்பு விளைவிச்சுக் காசு மிச்சம் பிடிக்க ஏலாது. கரட், லீக்ஸ், கோவா மலைநாட்டில இருந்து வாறது, எங்கட வெக்கைக்கு அதுகளோட புதுசா வாற ஆக்கள் மினக்கெட வேண்டாம். மிச்சம் வாறது சின்னச் சின்னனா அடிக்கடி வாங்கிற சாமானிலதான்: பச்சமிளகாய், கறிவேப்பிலை, கீரை, கத்தரி, வெண்டி, பயத்தங்காய், முருங்கை. கொப்பியைப் பாத்து இதில நாலைத் தெரிவு செய்யுங்கோ. நாலு போதும். எங்கட மச்சான் ஒராள் வெளியில இருந்து வந்து நிண்ட ஆறு மாசத்தில பதினேழு சாதி போட்டவர், ஒண்டிலயும் ஒரு நேரக் கறிக்குக் காணேல்ல.

2. இடம்: வெய்யிலும் அலவாங்கும்

வெய்யில் ஒரு நாளைக்கு 6 மணித்தியாலம் விழவேணும். காலமை 8 மணி, மத்தியானம், பின்னேரம் 4 மணி எண்டு மூண்டு தரம் போய் நிழல் எங்க விழுது எண்டு பாருங்கோ. மாமரத்துக்குக் கீழ இடம் சும்மா கிடக்குது எண்டு போடுறதுதான் நான் கண்ட பெரிய பிழை. நிழல் ஒரு பக்கம், மர வேர் தண்ணியையும் பசளையையும் இழுக்கிறது மற்றப் பக்கம், கண்டு நெட்டையா வளந்து பூக்காமல் நிக்கும்.

அடுத்தது அலவாங்கால நாலஞ்சு இடத்தில குத்திப் பாருங்கோ. வலிகாமத்தில செம்மண் எண்டாலும் சில வளவில அரை அடியிலயே "டங்" எண்டு சுண்ணாம்புக்கல்லில முட்டும். ஒரு அடிக்கு மேல இறங்கினால் நிலத்தில போடலாம். இறங்காட்டில் கல்லு அடுக்கி ஒரு அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டுங்கோ, இல்லாட்டில் வாளியில வையுங்கோ. வடமராட்சிக் கரைப்பக்கம், தென்மராட்சி மணல் ஆக்களுக்கு ஆழம் பிரச்சினையில்லை, தண்ணி நிக்காததுதான் பிரச்சினை, அவைக்கு 5ஆவது படி ரெண்டு மடங்கு வேலை.

உரப்பையில வைக்கிற ஆக்களுக்கு ஒண்டு: உந்த வெள்ளைப் பின்னல் பை எங்கட வெய்யிலுக்கு ஒரு போகத்தில பொடிஞ்சு நூல் நூலா மண்ணுக்க போயிடும், பேந்து பொறுக்கி முடியாது. பழைய பெயின்ற் வாளியை நல்லாக் கழுவி, அடியில இருந்து ஒரு இஞ்சி மேல, பக்கத்தில நாலு ஓட்டை போடுங்கோ. அடியில ஓட்டை போட்டால் சீமெந்து நிலத்தில வைக்கேக்க அடைச்சுப்போகும்.

எவ்வளவு இடம் எண்டு கேட்டால் முதல் போகத்துக்கு 10 அடிக்கு 10 அடி. ஒரு பரப்பு இருக்கு, ரெண்டு பரப்பு இருக்கு எண்டு முழுக்கக் கிண்டாதேங்கோ, கிண்டின இடம் எல்லாம் புல்லுத்தான் முதல்ல முளைக்கும்.

3. தண்ணியை நாக்கில வைச்சுப் பாருங்கோ

கேத்திலில வெள்ளையாப் படியிறதைப் பாத்திட்டு "எங்கட தண்ணி உப்பு" எண்டு கன பேர் சொல்லுவினம். அது சுண்ணாம்பு, கல்லுக்கால வாற தண்ணியில அது இருக்கத்தான் செய்யும், மரக்கறி ஓரளவுக்குச் சமாளிக்கும். நாக்கில கரிச்சால்தான் உப்பு. கோடை முத்தின ஆடி, ஆவணியில ஒருக்கால் குடிச்சுப் பாருங்கோ, மாரியில இனிக்கிற கிணறு அப்ப மாறியிருக்கும். தீவுப்பக்கம், கரையோர ஆக்களுக்கு இது தெரிஞ்ச கதை.

கரிக்கிற தண்ணியெண்டால் வெங்காயம், போஞ்சி பக்கம் போகாதேங்கோ, அதுகள் உப்பைத் தாங்காது. பீற்றூட் தாங்கும், தென்னை தாங்கும். மற்றதுகளை மாரித்தண்ணியை நம்பி மார்கழியில தொடங்கி, தண்ணி கெட முன்னம் முடிக்கிற மாதிரிப் போடுங்கோ.

பாத்திரம் கழுவுற தண்ணி வீணாப் போகுது எண்டால் அதுக்குக் கிணத்தடி வாழை இருக்கு. கீரைக்கு விடாதேங்கோ, இலையைத்தானே சாப்பிடப்போறியள்.

4. வேலி, வேலி, வேலி

காசு செலவழிக்கிறதெண்டால் முதல் இதுக்குச் செலவழியுங்கோ. மண்ணைக் கிண்ட முன்னம் அடைச்சு முடியோணும். பேந்து அடைப்பம் எண்டு விட்ட ஒரு கிழமைக்கத்தான் ஆடு வரும், அதுக்கு எப்பிடித்தான் மணக்குதோ தெரியாது.

மாட்டுக்கும் ஆட்டுக்கும் 4 அடிக்கு மேல உயரம் வேணும். கோழிக்கு உயரம் இல்லை, அடிதான் முக்கியம், அது கீழால பூந்து நாத்தைக் கிளறும், அதால வலையை அரை அடி மண்ணுக்க தாட்டு விடுங்கோ. கம்பிவலை விலையெண்டால் கரையோரத்தில பழைய மீன்வலை கேட்டு வாங்கலாம், கிடுகு, பனைமட்டையும் நல்லம். வேலிக்குக் கதியாலா சீமைக்கிளுவையை நடுங்கோ: வேலியும் ஆச்சு, அடுத்த வருசம் வெட்டி மண்ணுக்க தாட்டுப் பசளையாக்கக் குழையும் ஆச்சு.

5. மண்: காலமை கொளுத்துற குப்பைதான் உங்கட பசளை

எல்லா வீட்டிலயும் காலமை முத்தம் கூட்டி, மா இலை, பலா இலை, பூவரசம் இலை எல்லாத்தையும் மூலையில குவிச்சு நெருப்பு வைக்கிறம். பேந்து கடையில போய் கூட்டெரு பையில வாங்கிறம். இந்த விசர் வேலையை இண்டைக்கே நிப்பாட்டுங்கோ.

3 அடிக்கு 3 அடி நாலு கட்டை நட்டு வலை சுத்துங்கோ. காஞ்ச இலை ஒரு முழம், அதுக்கு மேல குசினிக் கழிவு, பச்சைக் குழை நாலு விரல், அதுக்கு மேல ஒரு கடகம் மாட்டெரு அல்லது பழைய மண், தண்ணி தெளியுங்கோ. இப்பிடியே அடுக்குங்கோ. ரெண்டு கிழமைக்கு ஒருக்கால் பிரட்டோணும், உள்ளுக்கக் காத்துப் போகாட்டில் அழுகி மணக்கும். கையில அள்ளிப் பொத்தினால் ஈரம் தெரியோணும், ஆனால் ஒழுகக் கூடாது. எங்கட வெக்கைக்கு மூண்டு மாசத்தில மண் மணம் வரும். மார்கழியில நடுறதெண்டால் குவியலை ஆவணி, புரட்டாதியிலயே தொடங்கியிருக்கோணும், இதைத்தான் ஒருத்தரும் கணக்குப் பண்ணிறேல்ல.

பாத்தியில ஒரு அடி ஆழம் கொத்தி, சீமைக்கிளுவைக் குழையைத் தாட்டு, மூண்டு கிழமை விடுங்கோ. உடன நட்டால் குழை அவியிற சூட்டிலயே வேர் பழுதாகும்.

ரெண்டு எச்சரிக்கை. கோழி எருவைப் பச்சையா போடாதேங்கோ. நான் முதல் வருசம் பண்ணையில இருந்து ரெண்டு பை இறக்கி அப்பிடியே போட்டு, இருவது மிளகாய்க்கண்டும் நாலு நாளில கருகி நிண்டது, அம்மா ஒரு கிழமை என்னோட கதைக்கேல்ல. ரெண்டு மூண்டு மாசம் குவிச்சு ஆறவிட்டுத்தான் பாவிக்கோணும்.

மற்றது சாம்பல். அப்பு காலத்தில இருந்து அடுப்புச் சாம்பலை மரத்தடியில கொட்டிற பழக்கம் இருக்கு. எங்கட நிலத்துக்குக் கீழ இருக்கிறதே சுண்ணாம்புக்கல், சாம்பலும் அதே பக்கம் இழுக்கும். அளவுக்கு மிஞ்சினால் குருத்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிக்கும், அது இரும்புச்சத்து எடுக்க ஏலாத வருத்தம். அதைப் பாத்திட்டு யூரியா போடுவினம், மாறாது. மக்கின பசளையைக் கூட்டுறதுதான் வழி.

யூரியா எண்டதும் இன்னொண்டு. எங்கட நிலத்தில மேல போடுறது கல்லு வெடிப்புக்கால நேர கிணத்துக்குப் போகும், யாழ்ப்பாணத்துக் கிணறுகளில நைத்திரேற்று கூடினதுக்கு மலக்குழியோட தோட்டப் பசளையும் ஒரு காரணம். நீங்கள் அந்தக் கிணத்திலதான் குடிக்கிறியள். எருக்குவியலைக் கிணத்தில இருந்து எட்ட, பள்ளப்பக்கமா வையுங்கோ.

6. காலத்தைப் பிடியுங்கோ

ஐப்பசி, கார்த்திகை மழைதான் எங்கட தண்ணியில பெரும்பங்கு. ஆனால் அதுக்க நட்டால் நாத்து கழுத்தழுகிச் சாகும், நத்தை வந்து மிச்சத்தைத் தின்னும். நான் செய்யிறது, கார்த்திகையில கூரைக்குக் கீழ நாத்து மேடை போட்டு, மார்கழி நடுப்பகுதியில மழை குறைய வெளியில நடுறது. அப்ப மண்ணில ஈரம் இருக்கும், வெய்யில் மெல்லிசு, மாசி, பங்குனியில கையில காய்.

சித்திரையில தொடங்கினால் சாகாது, ஆனால் சோளகக் காத்து அடிக்கத் தொடங்க நீங்கள் தண்ணிக்குப் பின்னால ஓடவேண்டி வரும், மோட்டர் போடுற கரண்ட் பில்லைக் கூட்டினால் சந்தையில வாங்கியிருக்கலாம். கோடைக்கு முருங்கை, பயத்தை, வெண்டி, பொன்னாங்காணி மட்டும் வைச்சிருங்கோ.

மரவள்ளியைப் புரட்டாதியிலயே நட்டிடலாம். மேடு கட்டி நடுங்கோ, தண்ணி தேங்கினால் கிழங்கு அழுகும். முத்தின தடியில ஒரு சாண் துண்டு, 3 அடி இடைவெளி, கணு மேல பாக்கிற மாதிரி. தலைகீழா நட்டுப்போட்டு முளைக்கேல்ல எண்டு சொன்ன ஆக்கள் ரெண்டு பேரை எனக்குத் தெரியும்.

7. இப்ப விதை

இப்ப போங்கோ கடைக்கு. பைக்கற்றில திகதி பாருங்கோ, வெய்யில் பட்ட கண்ணாடிப் பெட்டிக்க கிடந்ததை வாங்காதேங்கோ. கத்தரியெண்டால் "திருநெல்வேலி ஊதா" கேளுங்கோ, பேரே சொல்லுது, எங்கட மண்ணுக்கெண்டு வந்த இனம். மிளகாய்க்கு "எம்.ஐ 2". கலப்பின விதை கூடக் காய்க்கும், ஆனால் அதில இருந்து விதை எடுத்து வைச்சால் அடுத்த முறை தாய் மாதிரி வராது, ஒவ்வொரு தரமும் காசு குடுக்கோணும். செலவைக் குறைக்கத்தானே தொடங்கினது, முதல் வருசம் சாதாரண இனத்தோட நில்லுங்கோ.

விதை எங்க கிடைக்கும் எண்டு தெரியாட்டில் உங்கட கமநல சேவை நிலையத்தில விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கோ, இல்லாட்டில் விவசாயத் திணைக்களத்தின்ர 1920 எண்ட தொலைபேசி இலக்கத்துக்கு அடியுங்கோ.

8. எது நாத்து, எது நேர விதை

மிளகாய், கத்தரி, தக்காளி நாத்துப் போட்டு நடுறது. வெண்டி, பயத்தை, பாகல், புடோல், கீரை நேர விதைக்கிறது, அதுகளைக் கிளப்பி நட்டால் வேர் அறுந்து சுணங்கும்.

நாத்து மேடையில வைக்கலைப் பரப்பி ஒருக்கால் எரிச்சிட்டு, ஆறினாப்பிறகு விதையுங்கோ, மண்ணில இருக்கிற பூஞ்சணம் குறையும். விதையைத் தன்ர பருமனைப்போல ரெண்டு மடங்கு ஆழத்தில வரிசையாப் போடுங்கோ. ஆழம் கூடிப்போறதுதான் "விதை சரியில்லை" எண்ட முறைப்பாட்டுக்குக் கனக்கக் காரணம். பூவாளியால மட்டும் தண்ணி, ஹோஸ் பைப்பால அடிச்சால் விதை ஒரு மூலைக்குப் போய்ச் சேரும்.

கீரை விதை நல்லாச் சின்னன், எறும்பு இழுத்துக்கொண்டு போகும். ரவையோட கலந்து தூவினால் அது ரவையைத் தூக்கிக்கொண்டு போகும், விதை தப்பும். முழுப் பைக்கற்றையும் ஒரே நாளில தூவாதேங்கோ! 10 நாளைக்கு ஒருக்கால் ஒரு முழப் பாத்தி. கீரை ஒரு மாசத்தில வெட்டுக்கு வந்திடும், எல்லாம் ஒண்டா வந்தால் ஊர் முழுக்கக் குடுத்துப்போட்டு அடுத்த கிழமை நீங்கள் காசுக்கு வாங்குவியள்.

வெண்டி விதையை ஒரு இரவு ஊறவையுங்கோ. மிளகாய் நாத்து நாலஞ்சு கிழமையில, ஒரு சாண் உயரத்தில, பின்னேரம் பாத்து நடுங்கோ. இரவு முழுக்க வேர் பிடிக்க நேரம் கிடைக்கும். அடுத்த மூண்டு நாள் வாழைத்தடல் துண்டை வளைச்சுக் குடை மாதிரி மூடி விடுங்கோ. கத்தரிக்கு 2 அடி இடைவெளி கூட எண்டு தெரியும், நடேக்க அநியாயத்துக்கு வெறுமையா இருக்கும், நெருக்கி நட்டுப்போடாதேங்கோ.

நீங்கள் தெரிவு செய்த நாலுக்கு, ஒரு நாலு பேர் வீட்டுக்கு அளவு இது: மிளகாயெண்டால் 10, கத்தரியெண்டால் 6, வெண்டியெண்டால் 12, பயத்தையெண்டால் ஒரு வரிசை, கீரையெண்டால் ரெண்டு பாத்தி. முருங்கையெண்டால் வேலியோட ஒரு தடி, கறிவேப்பிலையெண்டால் ஒரு கண்டு. அவ்வளவுதான்.

9. தண்ணி விடுறது

காலமை, அடியில. பின்னேரம் இலைக்கு மேல அடிச்சால் இரவு முழுக்க ஈரம் நிண்டு பூஞ்சணம் வரும். விரலை ரெண்டு கணு மட்டும் மண்ணுக்க விட்டுப் பாருங்கோ, ஈரம் இருந்தால் விடத் தேவையில்லை. வாடின இலையைக் கண்டதும் வாளியோட ஓடுறது புது ஆக்களின்ர குணம், மத்தியானம் எல்லாக் கண்டும் வாடும், பின்னேரம் நிமிந்தால் அது சுகமா இருக்கு. மணல் நிலத்தில மட்டும் கொஞ்சம் கொஞ்சமா ரெண்டு நேரம், ரெண்டாவதை நாலு மணிக்கு முன்னம் விடுங்கோ.

பாத்தியைக் காஞ்ச இலையால மூடுங்கோ, தண்ணித் தேவை நல்லாக் குறையும். தண்டில முட்டாமல் நாலு விரல் விடோணும், முட்டினால் கறையான் ஏறும்.

10. பூச்சி: மருந்துக்கு முன்னம் கண்

தேத்தண்ணிக் கோப்பையோட காலமை ஒரு சுத்துச் சுத்துங்கோ, இலையைப் பிரட்டி அடிப்பக்கத்தைப் பாருங்கோ. வெள்ளை ஈ எல்லாம் அங்கதான்.

கத்தரிக் குருத்து ஒண்டு மட்டும் வாடித் தொங்கினால் உள்ளுக்குப் புழு. அந்தக் குருத்தை வெட்டி எரியுங்கோ. கூட்டெருக் குவியலில எறிஞ்சால் அங்க இருந்து திரும்பி வரும். வெண்டி இலை மஞ்சள் வலை மாதிரி வந்தால் அது வைரசு, மருந்தில்லை, மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு பிடுங்கி எரியுங்கோ, ஒண்டை வைச்சிருந்தால் வெள்ளை ஈ மற்றதுக்குக் கொண்டுபோகும். பாகல், புடோல் பிஞ்சுக்குப் பூ விழுந்த உடன கடதாசிப் பை கட்டுங்கோ, பழ ஈ குத்தாது. புடோலுக்குக் கல்லுக் கட்டுறது ஈக்கு இல்லை, நேரா வளரத்தான், ஒருத்தர் கேட்டவர்.

வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடிச்சு 1 லீற்றர் தண்ணியில இரவு ஊறவைச்சு வடிச்சு, கொஞ்சம் சவுக்காரம் கரைச்சு, பின்னேரம் அடியுங்கோ. வெய்யில் பட்டால் அதின்ர சக்தி போயிடும், எண்டபடியால்தான் இதுக்கு மட்டும் பின்னேரம். கிழமைக்கு ஒருக்கால் காணும். கடை மருந்துதான் அடிக்கவேணும் எண்டு வந்தால் லேபிளில அறுவடைக்கு எத்தினை நாள் முன்னம் நிப்பாட்டோணும் எண்டு இருக்கும், அதை வாசிக்காமல் அடிச்சால் வீட்டில விளைவிச்சதுக்கு அர்த்தமே இல்லை.

11. பிடுங்கிறது

வெண்டியை ஒண்டைவிட்டு ஒரு நாள் பிடுங்குங்கோ. ஒரு காய் முத்த விட்டால் கண்டு தன்ர வேலை முடிஞ்சுது எண்டு நினைச்சுக் காய்க்கிறதைக் குறைக்கும். பயத்தையும் அப்பிடித்தான். கத்தரி மினுக்கம் போக முன்னம். கீரையை வேரோட இழுக்காமல் நாலு விரல் விட்டு வெட்டினால் திரும்பத் தளைக்கும். மரவள்ளியைக் கறிக்குத் தேவையான அளவுக்கு மட்டும் கிளப்புங்கோ, கிளப்பி ரெண்டு மூண்டு நாள் வைச்சால் உள்ளுக்க நீலக்கோடு விழும், எறியத்தான் வேணும். அவிக்கேக்க மூடியைத் திறந்து வைச்சு அவியுங்கோ.

12. ரெண்டாம் போகத்துக்கு முன்னம்

கொப்பியைத் திரும்ப எடுங்கோ. வேலிக்குப் போன காசு முதல் போகத்தில திரும்பி வராது, எனக்கும் வரேல்ல, ரெண்டாம் வருசம் பச்சமிளகாய் வாங்கிற செலவு இல்லாமல் போனதுதான் முதல் தெரிஞ்சது.

மிளகாய், கத்தரி, தக்காளி மூண்டும் ஒரே குடும்பம், ஒண்டு நிண்ட இடத்தில மற்றதை வையாதேங்கோ, மண்ணில நிக்கிற வருத்தம் அப்பிடியே ஏறும். அந்த இடத்தில பயத்தையைப் போடுங்கோ, அது மண்ணுக்கு நைதரசன் குடுக்கும்.

விதைக்கு நல்ல கண்டில ரெண்டு காயைத் துணி கட்டி அடையாளம் வைச்சு முத்த விடுங்கோ, இல்லாட்டில் வீட்டுக்காரர் ஒராள் பிடுங்கிக் கறி வைச்சிடுவார். நிழலில காயவைச்சு, இந்த இடத்திலதான் சாம்பலுக்கு வேலை, கொஞ்சம் கலந்து போத்தலில இறுக்கி மூடுங்கோ. பேரையும் மாசத்தையும் பென்சிலால எழுதி உள்ளுக்கப் போடுங்கோ, பேனை மை அழிஞ்சு போய் நான் போன வருசம் பாகல் எண்டு நினைச்சுப் புடோலை நட்டுப்போட்டன்.